குவென்கா தொங்கும் வீடுகள்: முதல் தடவை போகிறவர்களுக்கு

ஸ்பெயினில் மாட்ரிட் வரை போகிறீர்களா? ஒரு பகலைக் குவென்காவுக்கு ஒதுக்கிவிடுங்கள். உவேகார் ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில், பாறையைத் தாண்டி மரப் பால்கனிகளை வெளியே நீட்டி நிற்கும் பழங்காலத்து வீடுகளுக்குள் ஸ்பானிய அரூபக் கலை (பொருள்களையோ ஆட்களையோ உள்ளபடி காட்டாமல் நிறத்தாலும் வடிவத்தாலும் பேசும் கலை) அருங்காட்சியகம் இருக்கிறது. பலரும் வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள், அதைப் பார்க்க எனக்கு மனசே ஆறுவதில்லை.

முதலில் எந்த நாள் போவது என்று முடிவு செய்யுங்கள். திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாள்களிலும் மதியத்தில் சாத்திவிடுவது உண்டு, அதனால் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் நேரம் பார்த்த பிறகே ரயில் டிக்கெட் எடுங்கள். உள்ளே போகக் கட்டணம் கிடையாது.

மாட்ரிட்டிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். இறங்கும் நிலையத்துக்கே ஃபெர்னாண்டோ சோபெல் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். மணிலாவில் பிறந்த ஓவியர். தான் சேர்த்த ஓவியங்களுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தவர், நண்பர்கள் குஸ்தாவோ தோர்னேர், ஹெரார்தோ ருவேதாவோடு சேர்ந்து 1966-இல் இந்த அருங்காட்சியகத்தைத் திறந்தார். நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, பழைய ஊரோ நல்ல ஏற்றம், ஆகவே பழைய ஊரின் மையச் சதுக்கமான பிளாசா மயோர் போகும் பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.

இறங்கியதும் நேராக உள்ளே போகாதீர்கள். சான் பாப்லோ பாலத்துக்கு நடங்கள். 1902-இல் கட்டிய இரும்பு நடைபாலம், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம், காலடியில் மரப்பலகை. உயரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் பாலத்தின் முனையிலேயே நின்றுகொள்ளலாம், அங்கிருந்தே வீடுகள் தெரியும்.

அப்புறம் அருங்காட்சியகம். அரூப ஓவியம் பழக்கமில்லை என்றால் மனோலோ மில்யாரெஸிடமிருந்து தொடங்குங்கள். சாக்குத்துணியைக் கிழித்து, முறுக்கி, கயிற்றால் கட்டி, கறுப்பும் வெள்ளையும் பூசியிருப்பார். பக்கவாட்டில் நின்று பார்த்தால் துணியின் புடைப்பும் ஓட்டையும் இழை இழையாகத் தெரியும், இது என்ன உருவம் என்ற கேள்வியே அப்போது எழாது. பிறகு அந்தோனியோ சௌரா 1959-இல் வரைந்த ‘பிரிஜித் பார்தோ’. நடிகையின் அழகைத் தேடாமல் தூரிகை போன வேகத்தைப் பாருங்கள். நடுவில் ஜன்னல் வந்தால் கட்டாயம் நில்லுங்கள், பாலத்திலிருந்து பார்த்த பள்ளத்தாக்கு இப்போது உங்கள் பக்கத்திலிருந்து விரியும்.

திரும்பும் ரயிலுக்கு பஸ் பிடிக்கிற நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கிளம்புங்கள்.