வைரத்தின் பிறப்பிடத்தை ஆராய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆந்திர மாநிலம் வஜ்ரகரூருக்குக் களப்பணிக்கு வரும் மாணவர்கள், கிம்பர்லைட் என்ற எரிமலைப் பாறையின் துண்டு ஒன்றைக் கையில் எடுத்ததுமே 'வைரம் பிறந்த பாறை' என்று குறிப்பேட்டில் எழுதிவிடுகிறார்கள். என் முதல் அறிக்கையிலும் இதே வரி இருந்தது. நிலக்கரி இறுகி வைரமாகிறது என்பது போன்ற பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன். அவை பாடப்புத்தகத்திலேயே திருந்திவிடும்.

சுமந்து வந்த பாறையைத் தாய்ப்பாறை என்பது

கிம்பர்லைட், வைரத்தை மேலே கொண்டுவந்த குழம்பு உறைந்த பாறை மட்டுமே. பெரும்பாலான வைரங்கள் விளைந்தது, பழமையான கண்டங்களின் அடியில் ஏறத்தாழ 150 முதல் 200 கிலோமீட்டர் ஆழத்தில், புவியின் கவசத்திலுள்ள (மேலோட்டுக்குக் கீழுள்ள அடுக்கு) பெரிடோட்டைட், எக்லோகைட் பாறைகளுக்குள் கரிமம் கலந்த பாய்மங்கள் ஊடுருவியபோதுதான்.

புள்ளி விழுந்த கல்லை ஒதுக்குவது

இந்தத் தவற்றை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஆய்வுக்கென்று ஒரு பொட்டலம் பட்டை தீட்டாத கற்கள் எங்களுக்கு இரவலாக வந்தபோது, நான் தெளிந்த கற்களை மட்டும் பொறுக்கி வைத்துக்கொண்டு, உள்ளே புள்ளி விழுந்தவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அவற்றுள் ஒரு கல்லில், உருப்பெருக்கியின் கீழ், கடுகினும் சிறிய, கார்னெட் என்ற ஊதா நிறக் கனிமம் ஒன்று, வைரத்தின் படிக வடிவத்தையே தானும் ஏற்று எண்முகமாக நின்றதை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். பிழையை உணர்ந்து கேட்டபோது கற்கள் பட்டறைக்குப் போய்விட்டிருந்தன.

வைரம் தூய கரிமம் என்பதால் அதன் வயதை அதைக் கொண்டே அளக்க இயலாது; வளரும்போது அது தன்னுள் சிறைப்பிடித்த கனிமமே சாட்சி. அந்தச் சாட்சியை இழந்தவர்கள், கிம்பர்லைட்டிலுள்ள மைக்காவை அளந்து, கிடைத்த எண்ணையே வைரத்தின் வயதாக எழுதுகிறார்கள். அது எரிமலை வெடித்த காலம். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லியில் வெடிப்பு நிகழ்ந்து ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளே ஆகின்றன. ஆனால் அங்கும் ஃபின்ஷ் சுரங்கத்திலும் கிடைத்த வைரங்களுக்குள் இருந்த கார்னெட்டுகளை சமேரியம்-நியோடிமியம் முறையில் (கதிரியக்கச் சமேரியம் நியோடிமியமாக மாறிய அளவைக் கொண்டு வயது காணும் முறை) ஆராய்ந்த ஸ்டீபன் ரிச்சர்ட்சன் குழுவினர், 1984இல், 320 முதல் 330 கோடி ஆண்டுகள் என்று கண்டனர். இவ்வளவு பெரிய இடைவெளியைத் தெளிந்த கல் ஒருபோதும் காட்டாது.

கார்னெட்டை நிறத்தால் மதிப்பிடுவது

கார்னெட் வைரத்தோடு விளைந்தது என்பதற்கு ஊதா நிறம் மட்டும் சான்றாகாது; குரோமியத்தையும் கால்சியத்தையும் அளந்த பிறகே பேச வேண்டும்.

200 கிலோமீட்டரோடு நின்றுவிடுவது

பிரேசிலின் ஜூயினா பகுதி வைரம் ஒன்றில், ஏறத்தாழ 520 முதல் 660 கிலோமீட்டர் ஆழத்துக்குரிய ரிங்வுடைட் என்ற கனிமம், எடையில் ஒரு விழுக்காட்டுக்கும் மேலான நீரோடு இருந்ததாக 2014இல் அறிவித்தார்கள். அந்தக் கல், நகைக்கு உதவாத, 3 மில்லிமீட்டர் அளவே உள்ள பழுப்புக் கல்.