அம்மா அப்பா இல்லாத பிள்ளையைக் கொஞ்ச காலம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள: பெங்களூரில் எங்கிருந்து தொடங்குவது?

அல்சூரில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்கா போன மாதம் கேட்டார்: "பெத்தவங்க இல்லாத பிள்ளை ஒண்ணைக் கொஞ்ச நாள் வீட்ல வச்சுப் பார்த்துக்கணும்னு ஆசை, ஆசிரமத்துல போய்ச் சொன்னா அனுப்பிடுவாங்களா?" அனுப்ப மாட்டார்கள், அனுப்பவும் கூடாது. ஆனால் முறையான வழி இருக்கிறது. நானும் கணவரும் ஒரு பையனை ஏழு மாதம் பார்த்துக்கொண்டோம், அதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இது தத்து இல்லை. இதற்கு வளர்ப்புப் பராமரிப்பு என்று பெயர், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-வது பிரிவில் வருகிறது. பொதுவாக ஆறு வயது தாண்டிய, குழந்தைகள் இல்லத்தில் இருக்கிற, பார்க்க யாரும் வராத குழந்தைகளைத்தான் இப்படித் தருகிறார்கள். கைக்குழந்தை வேண்டும் என்பவர்கள் தத்து வழியில் போகணும். இன்னொன்று, யாராவது நேராக உங்கள் கையில் ஒரு குழந்தையைக் கொடுத்து "வச்சுக்கோங்க" என்றால் வைத்துக்கொள்ளாதீர்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். அப்படிக் கிடைத்த குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவிடம் கொண்டுபோக வேண்டும்.

சரி, யார் விண்ணப்பிக்கலாம்? தம்பதி என்றால் திருமணமாகி இரண்டு வருடமாவது ஆகியிருக்கணும். 2024-ல் வந்த புதிய வழிகாட்டுதலில் 35 முதல் 60 வயது வரை உள்ள தனி ஆட்களும், அதாவது திருமணம் ஆகாதவர், துணையை இழந்தவர், விவாகரத்தானவர், விண்ணப்பிக்கலாம் என்று சேர்த்திருக்கிறார்கள். தனியாக இருக்கும் ஆணுக்கு ஆண் பிள்ளையை மட்டுமே தருவார்கள்.

காரா (தத்து விவகாரங்களைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பு) இணையதளத்தில் பதிவு செய்யுங்கள், அல்லது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நேரில் போய்க் கேளுங்கள். ஆதார், பான், வருமானச் சான்று, மருத்துவச் சான்று, திருமணச் சான்று எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும்.

அப்புறம் வீட்டை ஆய்வு செய்ய வருவார்கள். இதற்காக யாரும் பயப்பட வேண்டாம், எங்களுடையது இரண்டு அறை வாடகை வீடு. பிள்ளை எங்கே தூங்கும், வீட்டில் குடிப்பவர் உண்டா, மாமியார் என்ன சொல்கிறார், ஏன் இதைச் செய்ய நினைக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். மாமியார் முதலில் "யார் பெத்த பிள்ளையோ" என்று இழுத்தார், அதையும் மறைக்காமல் சொன்னோம். பெரியவர்களிடம் முதலிலேயே பேசி முடிக்காமல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏனென்றால் பகலில் பிள்ளையோடு இருக்கப்போவது பெரும்பாலும் அவர்கள்தான்.

குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட்ட பிறகுதான் பிள்ளை வீட்டுக்கு வரும். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4000 ரூபாய் உதவித்தொகை உண்டு, ஆனால் அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், செருப்பும் யூனிஃபார்மும் முதல் வாரமே வாங்கணும். மாதா மாதம் குழுவிலிருந்து வந்து பார்ப்பார்கள் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.

முதல் இரண்டு வாரம்தான் கஷ்டம். எங்கள் பையன் விடியற்காலை எழுந்து போர்வையை நான்காக மடித்து வைத்துவிட்டு, யாராவது கூப்பிடும் வரை பாயின் ஓரத்திலேயே உட்கார்ந்திருப்பான். பாத்ரூம் போகக்கூடக் கேட்டுவிட்டுத்தான் போவான். இல்லத்தில் எல்லாம் மணியடித்து நடந்த பழக்கம். "கேக்க வேணாம்டா" என்று நூறு முறை சொன்னதைவிட, தண்ணீர்க் குடமும் பிஸ்கட் டப்பாவும் எங்கே இருக்கிறது என்று காட்டி, அவனையே எடுக்க விட்டதுதான் வேலை செய்தது. அவனுக்குக் கன்னடம்தான் தெரியும், ரசத்தைச் சாரு என்பான், நாங்களும் சாரு என்றே சொல்ல ஆரம்பித்தோம். பிள்ளையின் பாஷையில் பத்து வார்த்தையாவது நீங்கள் முதலில் கற்றுக்கொள்ளுங்கள், தமிழ் தானாக வரும்.

அம்மா என்று கூப்பிடச் சொல்லாதீர்கள். அவனுக்கு ஒரு அம்மா இருந்தார். கடைசி வரை என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டான், எனக்கு அதில் எந்தக் குறையும் இல்லை. பழைய கதையை நீங்களாகக் கிளறவும் வேண்டாம். அவன் முகத்தையோ பெயரையோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்கூடப் போடாதீர்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி குற்றம்.

பள்ளியில் "டிசி வரட்டும்" என்று திருப்பி அனுப்பினால் திரும்பி வந்துவிடாதீர்கள். 6 முதல் 14 வயது வரை அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ, டிசி தாமதமானால் அதைக் காரணமாக வைத்துச் சேர்க்காமல் இருக்க முடியாது, கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. எங்களை ஒரு பள்ளி திருப்பி அனுப்பியது, இதைச் சொன்ன பிறகு அடுத்த நாளே சேர்த்துக்கொண்டார்கள்.

இரண்டு வருடம் உங்களோடு இருந்த பிள்ளையைத் தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம் என்றும் புதிய விதி சொல்கிறது. ஆனால் அவன் போய்விடுவான் என்று நினைத்தே தொடங்குங்கள், பிள்ளையிடமும் முதல் நாளே உண்மையைச் சொல்லுங்கள். "இங்கே கொஞ்ச காலம் இருப்பே, எவ்வளவு நாள்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சதும் முதல்ல உங்கிட்டதான் சொல்வேன்" என்றேன். எட்டாவது மாதம் அவனுடைய சொந்தக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்து, குழு விசாரித்து, அவரிடமே அனுப்ப முடிவானபோது அன்று மாலையே அவனிடம் சொல்லிவிட்டேன்.

போகும்போது துணியைக் கவரில் கட்டிக் கொடுக்காதீர்கள், நல்ல பையாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். மார்க் கார்டு, தடுப்பூசி அட்டை, பிரிண்ட் போட்ட நாலு போட்டோ உள்ளே இருக்கட்டும். முட்டையில் மஞ்சள் கரு சாப்பிட மாட்டான், இருட்டில் தூங்க மாட்டான், இடி இடித்தால் பக்கத்தில் யாராவது உட்காரணும் என்று பக்கத்து வீட்டம்மாவைக் கன்னடத்தில் எழுதித் தரச் சொல்லி, அந்தத் தாளையும் மேல் ஜிப்பில் வைத்தேன்.