கடலரிப்பை ஊர் மக்களே அளந்து பதிவு செய்வது எப்படி?

கரையை அளக்க விலையுயர்ந்த கருவிகளோ பட்டப்படிப்போ தேவையில்லை. நாடா, இரண்டு கழிகள், தடித்த அட்டையுள்ள ஒரு குறிப்பேடு, பல ஆண்டுகள் விடாமல் தொடரும் ஊர்க்குழு ஆகியவை போதும். கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று வாய்மொழியாக முறையிடுவதைக் காட்டிலும், தேதியிட்ட அளவுகளோடு முறையிடுவதற்கு எங்கும் மதிப்பு அதிகம்.

முதலில் நிலைக்குறிகளை, அதாவது அளவைத் தொடங்குவதற்கான இடம் மாறாத அடையாளங்களை, தேர்ந்தெடுக்க வேண்டும். கரையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கும் பழைய கட்டடத்தின் மூலையோ குடிநீர்த் தொட்டியின் தூணோ இதற்கு ஏற்றது, மரம் ஏற்றதன்று. நிலைக்குறியிலிருந்து கடலை நோக்கி அளந்து செல்லும் ஒவ்வோர் அளவுக்கோட்டுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு குறிகள் இருந்தால், அவ்விரண்டும் ஒரே நேராகத் தெரியும்படி நடந்து கடலை அடையலாம். யார் அளந்தாலும் திசை மாறாது, ஒரு குறி அழிந்தாலும் மற்றொன்று எஞ்சியிருக்கும். ஊரின் நடுவிலும் இரு எல்லைகளிலும் ஒவ்வொரு கோடு தேவை. தூண்டில் வளைவோ (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) முகத்துவாரமோ இருந்தால் அதன் இரு பக்கங்களிலும் கூடுதலாக ஒவ்வொன்று வேண்டும்.

அடுத்து, எதுவரை அளப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். பதிவுகள் பயனற்றுப் போகக்கூடிய இடம் இதுதான். நீர்விளிம்பு வரை அளக்கக் கூடாது. ஐம்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவில் சரியும் கரையில், ஓதம் (கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம்) அரை மீட்டர் ஏறினாலே நீர்விளிம்பு 25 மீட்டர் உள்ளே வந்துவிடும். அதை அரிப்பென்று எழுதினால் பதிவேடு முழுவதும் ஐயத்துக்கு உள்ளாகும். கடைசியாக ஏறிய ஓதம் ஒதுக்கிவிட்டுப் போன பாசியும் சிப்பியும் கிடக்கும் வரி, அடப்பங்கொடி போன்ற மணற்செடிகள் நிற்கும் விளிம்பு, மணல் செங்குத்தாக வெட்டுண்ட மேட்டின் உச்சி ஆகிய மூன்றையும் தனித்தனியாக அளந்து எழுதுவதே சரி.

கரையின் அகலம் குறையாமலே மணல்மட்டம் தாழ்ந்துபோவதும் உண்டு. இதை அறிய, 1961ஆம் ஆண்டு எமரி என்ற கடலியல் அறிஞர் விவரித்த எளிய முறை உதவும். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள இரண்டு கழிகளில், மேல் நுனியைச் சுழியமாகக் கொண்டு கீழ்நோக்கிச் சென்டிமீட்டர் கோடுகளை இட்டு, குறித்த இடைவெளியில் இரண்டையும் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். கடல் பக்கக் கழியின் நுனி தொடுவானத்தோடு ஒன்றித் தெரியும்படி நிலப்பக்கத்திலிருந்து பார்த்து, அந்தப் பார்வைக்கோடு அருகிலுள்ள கழியை வெட்டும் அளவைப் படித்தால், அதுவே இரண்டு கழிகளுக்கும் இடையே தரை இறங்கிய அளவாகும். தரை கடலை நோக்கி உயரும் இடத்தில், அருகிலுள்ள கழியின் நுனி வழியாகத் தொடுவானத்தைப் பார்த்து, தொலைவிலுள்ள கழியில் அளவைப் படிக்க வேண்டும். வானம் மங்கிய நாளில் இதைச் செய்ய வேண்டாம்.

கொந்தளிப்பான பருவத்தில் கரை மணலின் ஒரு பகுதி கடலுக்குள் திட்டாகப் படிந்து, அமைதியான பருவத்தில் திரும்பி வருவது இயல்பு. ஆகவே மாதந்தோறும் அளந்தாலும், ஒப்பிடும்போது ஒரே மாதத்தின் அளவுகளையே ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட வேண்டும். புயலுக்குப் பின் எடுத்த அளவைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது, பக்கத்து ஊரின் கரையையும் சேர்த்து அளப்பதைத்தான். அலைகள் சாய்வாக மோதுவதால் மணல் கரையோரமாகவே நகர்ந்துகொண்டிருக்கிறது. குறுக்கே கல் போட்டால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிபடும். 1870களில் பணி தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் பக்கம் அரிப்புக்கு ஆளானதும் இந்த இயக்கத்தின் விளைவே. எனவே தன் ஊருக்கு மட்டும் தூண்டில் வளைவு கேட்பது, பல நேரங்களில் அடுத்த ஊரின் வீடுகளைக் கடலுக்குக் கொடுப்பதாக முடிகிறது. இரண்டு ஊராரும் ஒரே நாளில் அளந்தால் மணல் எங்கே தேங்குகிறது என்பது தெரியும். ஆற்றில் அணை கட்டுவதும் மணல் அள்ளுவதும் கடற்கரைக்கு வரும் மணலைக் குறைப்பதால், அவை நடந்த ஆண்டுகளையும் குறிக்க வேண்டும்.

முதியோரின் நினைவுகளையும், மீன் காயவைக்கும் பெண்கள் இழந்த இடத்தின் விவரத்தையும் அளவுகளோடு கலக்காமல் தனிப்பக்கத்தில், சொன்னவரின் ஒப்புதலோடு எழுதலாம். ஒளிப்படங்களை எப்போதும் அதே நிலைக்குறியிலிருந்து எடுத்துத் தேதியிட வேண்டும். குறிப்பேட்டின் நகல் ஒன்று பக்கத்து ஊரிலும் இருக்கட்டும். மனு கொடுக்கும்போது இரு ஊர்க் குழுக்களும் கையெழுத்திட்டு, மூலத்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டு நகலை மட்டும் இணைக்க வேண்டும்.