சான் டியாகோ காமிக்-கானுக்கு ரூம் பிடிப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

"ரூம் போட்டாச்சா?" அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நடக்கும் காமிக்ஸ், சினிமா ரசிகர்களின் விழாவான சான் டியாகோ காமிக்-கானுக்கு பேட்ஜ் (நுழைவு அட்டை) கிடைத்துவிட்டது என்று யார் சந்தோஷமாகச் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பேட்ஜ் கிடைப்பதே குதிரைக்கொம்பு. அதைத் தாண்டி வந்தவர்கள்கூட ஹோட்டல் தேடும்போது மனம் வெறுத்துப் போகிறார்கள். விலையைப் பார்த்துப் பயணத்தையே கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். அப்படிக் கைவிட வேண்டியதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஏன் இவ்வளவு சிரமம் என்று பார்த்துவிடலாம். 1970-ல் யு.எஸ். கிராண்ட் ஹோட்டலில் சில நூறு பேரோடு ஆரம்பித்த விழா இது. 1991 முதல் கடலோரத்தில் இருக்கும் மாநாட்டு மையத்தில் நடக்கிறது. இப்போது வருகிறவர்கள் 1,30,000 பேருக்கு மேல். ஜூலையில் வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாள், அதற்கு முந்தைய புதன்கிழமை முன்னோட்ட இரவு. இத்தனை பேரும் ஒரே கட்டடத்துக்கு ஒரே நேரத்தில் வருகிறார்கள். நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஹோட்டல்களில் ஸ்டுடியோக்களும் பதிப்பகங்களும் அரங்கு போடும் நிறுவனங்களும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. மிச்சத்துக்குத்தான் நம்மைப் போன்ற ரசிகர்கள் போட்டி போடுகிறோம். ஜூலை என்பது அந்த ஊரின் சுற்றுலாக் காலமும்கூட. விலை ஏறாமல் என்ன செய்யும்?

சரி, வேலையை ஆரம்பிப்போம்.

படி 1: பேட்ஜ் முதலில், ரூம் அப்புறம்

விழாக் குழு தன் கூட்டாளி நிறுவனம் வழியாக சலுகை விலையில் அறைகளை விற்கிறது. பேட்ஜ் வாங்கியவர்களுக்குத்தான் அதில் இடம். எனவே உங்களோடு வருகிற ஒவ்வொருவருக்கும் விழாவின் இணையதளத்தில் தனித்தனியாக உறுப்பினர் கணக்கு இருக்கிறதா, அதில் இருக்கும் மின்னஞ்சல் முகவரி இன்னும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கல்லூரிக் காலத்தில் திறந்த பழைய முகவரியைக் கொடுத்துவிட்டு, விற்பனை அறிவிப்பு வந்ததே தெரியாமல் இருந்தவர்கள் உண்டு.

படி 2: ரத்து செய்யக்கூடிய ஓர் அறையை இப்போதே போட்டு வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாரப்பூர்வ விற்பனை நடக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள். விழா தேதி தெரிந்த உடனே, பணம் கட்டாமல் போடக்கூடிய, குறிப்பிட்ட தேதிவரை ரத்து செய்யக்கூடிய ஓர் அறையை எங்காவது போட்டுவிடுங்கள். அது சுமாரான மோட்டலாக இருக்கட்டும், பத்து மைல் தள்ளியே இருக்கட்டும். தலைக்கு மேல் ஒரு கூரை உறுதி என்ற நிலையில் விற்பனைக்குள் போனால் நிதானமாக முடிவெடுக்கலாம். கையில் எதுவும் இல்லாமல் போகிறவர்கள்தான் பதற்றத்தில் கண்ணில் பட்ட முதல் அறையை, கட்டுப்படியாகாத விலையில் பிடிக்கிறார்கள்.

போட்டவுடன் கைபேசியில் ஒரு நினைவூட்டலை வையுங்கள்: ரத்து செய்யக் கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பு. அந்த நாள் ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். சிலர் நீங்கள் போய்ச் சேர்வதற்கு முந்தைய நாள்வரை அனுமதிப்பார்கள். விழாக் காலத்துக்கு மட்டும் முப்பது நாள் முன்பே கதவைச் சாத்துகிறவர்களும் உண்டு. உறுதி மின்னஞ்சலின் அடியில் இருக்கும் சின்ன எழுத்தைப் படிக்காமல் விடாதீர்கள்.

இதோடு விழாக் குழுவின் 'முன்பதிவுச் சலுகை' என்று ஒன்றும் வரும். பொது விற்பனைக்கு முன்னாலேயே நடக்கும். முழுத் தொகையையும் உடனே கட்ட வேண்டும், ரத்து செய்தால் திரும்ப வராது, ஹோட்டல்களும் பெரும்பாலும் நகர மையத்துக்கு வெளியே இருக்கும். குடும்பத்தோடு போகிறவர்கள், தேதியில் துளியும் மாற்றம் வராது என்று உறுதியாக இருப்பவர்கள் இதை எடுக்கலாம். விசா கையில் வராதவர்கள் இந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

படி 3: வரைபடத்தை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்

புதிதாகப் போகிறவர்கள் "மாநாட்டு மையத்திலிருந்து எத்தனை மைல்?" என்று மட்டும் பார்க்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ராத்திரி பதினொரு மணிக்கு, கால் கடுக்க, கையில் இரண்டு பை நிறையப் புத்தகத்தோடு, நான் எப்படி அறைக்குத் திரும்புவேன்?

மாநாட்டு மையத்தை ஒட்டியிருப்பவை மேரியட் மார்கீ, ஹில்டன் பேஃபிரன்ட். கொஞ்சம் தள்ளி மான்செஸ்டர் கிராண்ட் ஹையட். சாலைக்கு எதிரே ஓம்னி, ஹார்ட் ராக், அதன் பின்னால் கேஸ்லாம்ப் குவார்ட்டர் முழுக்க ஹோட்டல்கள். எல்லோரும் கேட்பது இவற்றைத்தான். கிடைத்தால் நல்லது. மதியம் போய் அரை மணி நேரம் படுத்துவிட்டு வரலாம் என்பது நான்கு நாள் விழாவில் பெரிய வரம். ஆனாலும் 'எதிரே' இருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். நடுவில் தண்டவாளம் ஓடுகிறது. சரக்கு ரயில் வந்தால் ஐந்தாம் அவென்யூ கடவையில் மொத்தக் கூட்டமும் நிற்கும். அப்போது பெட்கோ பார்க் பேஸ்பால் மைதானத்தின் பக்கம் இருக்கும் நடைபாலத்தில் ஏறிவிடுங்கள். கொஞ்சம் சுற்றுதான், ஆனால் நிற்க வேண்டியதில்லை.

அடுத்த வட்டம்தான் என் பார்வையில் புத்திசாலித்தனமான தேர்வு: டிராலி என்ற நகர ரயில் ஓடும் தடங்கள். பச்சைத் தடம் மாநாட்டு மையத்தின் வாசலிலேயே நிற்கும். அதில் ஓல்ட் டவுன் வரலாம். இன்னும் கொஞ்சம் போனால் மிஷன் வேலி, அங்கே நடுத்தர விலை ஹோட்டல்கள் வரிசையாக இருக்கின்றன. அங்குள்ள ஃபேஷன் வேலி நிலையத்திலிருந்து மாநாட்டு மையத்துக்கு சுமார் அரை மணி நேரப் பயணம். நீலத் தடத்தில் தெற்கே போனால் நேஷனல் சிட்டி, சூலா விஸ்டா. இங்கே விலை இன்னும் குறையும். இந்தத் தடத்தில் வருகிறவர்கள் 12-வது தெரு, இம்பீரியல் அவென்யூ நிலையத்தில் இறங்கிப் பச்சைத் தடத்துக்கு மாறலாம், நடந்தும் போய்விடலாம். ஆரஞ்சுத் தடத்தில் லா மேசா.

சனிக்கிழமை இரவு கேஸ்லாம்ப் நிலையத்தில் நின்று பாருங்கள். தெர்மோகோல் சிறகை மடக்கிக்கொண்டு ஒருவர், முகமூடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு இன்னொருவர், தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்பைடர்மேன் உடையில் ஓர் அப்பா. முதல் வண்டியில் இடம் கிடைக்காது, அடுத்ததில் ஏறலாம். அந்தப் பயணத்தில் முன்பின் தெரியாதவர்களோடு அன்றைய நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே போவது எனக்கு விழாவின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

விழாக் குழுவின் பட்டியலில் இருக்கும் பெரும்பாலான ஹோட்டல்களுக்கு இலவச ஷட்டில் பேருந்தும் ஓடுகிறது. நீங்கள் வெளியே தனியாகப் போடும் அறை அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் உங்களுக்கும் பயன்படும். பழைய ஆண்டுத் தட வரைபடத்தைத் தேடிப் பாருங்கள், ஓரளவு கணிக்கலாம். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் கொரோனாடோவில் தங்கி ஃபெர்ரியில் வரலாம் என்று சிலர் சொல்வார்கள். அழகான பயணம்தான். ஆனால் ஃபெர்ரி சீக்கிரமே நின்றுவிடும், ராத்திரி நிகழ்ச்சிகளுக்கு உதவாது.

பெரிய சினிமா நிகழ்ச்சிகள் நடக்கும் எச் அரங்குக்கு (Hall H) முந்தைய இரவே வரிசையில் நிற்கப் போகிறீர்களா? 6,500 பேர் உட்காரும் அந்த அரங்குக்காக வெளியே புல்தரையில் இரவைக் கழிக்கிறவர்கள் ஏராளம். அப்படியானால் அந்த ஓர் இரவுக்கு விலை உயர்ந்த அறை எதற்கு என்று யோசியுங்கள்.

படி 4: உண்மையான விலையைக் கணக்குப் போடுங்கள்

திரையில் தெரியும் இரவு வாடகை பாதிக் கதைதான். 2025 மே முதல் சான் டியாகோ நகரில் ஹோட்டல் வரி இடத்தைப் பொறுத்து 11.75 முதல் 13.75 சதவீதம் வரை. மாநாட்டு மையத்தைச் சுற்றியுள்ள பகுதியில்தான் அதிகபட்சம். கார் கொண்டுவந்தால் நகர மைய ஹோட்டல்கள் பலவற்றில் நிறுத்தக் கட்டணம் ஒரு இரவுக்கு 50 டாலரைத் தாண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு நான் சொல்வது: காரை விட்டுவிட்டு பசிபிக் சர்ஃப்லைனர் ரயிலில் வாருங்கள். சான்டா ஃபே நிலையத்தில் இறங்கினால் டிராலி பக்கத்திலேயே இருக்கிறது.

இரண்டு கட்டில் உள்ள அறையில் நான்கு பேர் தங்கலாம். செலவைப் பங்கு போடுவதாக இருந்தால் பணத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். நண்பர்களிடம் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கடைசி வாரத்தில் ஒருவர் வரவில்லை என்று சொல்லும்போது அந்தக் கூச்சம் மனக்கசப்பாக மாறும்.

படி 5: விற்பனை நாள்

பேட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு மின்னஞ்சலில் அறிவிப்பு வரும். பெரும்பாலும் பசிபிக் நேரப்படி காலை 9 மணிக்குத் திறப்பார்கள். கோடை நேரக் கணக்கில் அது சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இரவு 9.30, சிங்கப்பூரில் நள்ளிரவு 12, டொரன்டோவில் நண்பகல் 12.

திறப்பதற்கு முன்பே காத்திருப்புப் பக்கத்துக்குள் போய்விட வேண்டும். அதற்கு முன்னால் எப்போது போனாலும் ஒன்றுதான். நேரம் ஆனதும் உள்ளே இருக்கும் எல்லோரையும் குலுக்கி வரிசையில் நிறுத்துவார்கள். விடியற்காலையிலிருந்து உட்கார்ந்திருப்பவருக்கு எந்தச் சலுகையும் இல்லை. அதனால் அறையைப் பகிரப்போகும் நான்கு பேரும் அவரவர் கணக்கிலிருந்து உள்ளே போங்கள். நான்கு பேரில் ஒருவருக்கு முன்வரிசை கிடைத்தால் போதும். பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள், மடிக்கணினி தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் ஒரு தாள் இருக்கட்டும். அதில் ஹோட்டல் பெயர்களை விருப்ப வரிசையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டிராலியா, ஷட்டிலா, நடையா என்று குறித்து, கீழே நீங்கள் கொடுக்கக்கூடிய அதிகபட்ச விலையை எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே போனபின் யோசிக்க நேரம் இருக்காது. புதன் முதல் திங்கள் வரை ஐந்து இரவு என்று தேடி ஒன்றும் வரவில்லையா? புதனை விட்டுவிட்டு நான்கு இரவு என்று தேடுங்கள், ஞாயிறையும் விட்டு மூன்று என்று தேடுங்கள். முழுசாக இடமில்லை என்று சொன்ன ஹோட்டல் சில சமயம் அப்போது கதவைத் திறக்கும். விடுபட்ட இரவுக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம்.

இந்தியாவிலிருந்து போடுகிறவர்கள், உங்கள் கார்டில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே வங்கிச் செயலியில் பாருங்கள். 2020-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, நாமாகத் திறக்காவிட்டால் அது மூடியே இருக்கும்.

நால்வரில் இருவருக்கு அறை கிடைத்தால் வேண்டாததை அன்றிரவே ரத்து செய்யுங்கள். நீங்கள் விடும் அறைக்காக உங்களைப் போலவே ஒரு ரசிகர் எங்கோ காத்திருக்கிறார்.

படி 6: கிடைக்கவில்லையா? ஆட்டம் முடியவில்லை

அதிகாரப்பூர்வ அறைகளுக்கு முன்பணம் எடுக்க ஒரு தேதி வைத்திருப்பார்கள். அந்தத் தேதி நெருங்கும்போது, இரண்டு மூன்று அறை போட்டு வைத்தவர்கள் ஒவ்வொன்றாக விடுவிப்பார்கள். அதை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய நாட்களில் காலையும் இரவும் பாருங்கள். விழாவுக்கு ஒரு வாரம் முன்னாலும் இதேபோல் அறைகள் விழும். புதிய அறை உறுதியானபின் பழையதை ரத்து செய்யுங்கள். எக்காரணம் கொண்டும் வரிசையை மாற்றாதீர்கள்.

படி 7: ஏமாற்றுக்காரர்களிடம் ஜாக்கிரதை

"காமிக்-கான் ஹோட்டல் பிரிவிலிருந்து பேசுகிறோம்" என்று யாராவது அழைத்தால் வைத்துவிடுங்கள். விழாப் பெயரைச் சொல்லிக் கார்டு எண் கேட்கும் கும்பல்கள் பெரிய மாநாடுகள் எல்லாவற்றையும் சுற்றி இருக்கின்றன.

வாடகை வீடு எடுப்பதாக இருந்தால், சான் டியாகோவில் 2023 மே முதல் குறுகிய கால வாடகைக்கு நகராட்சி உரிமம் தேவை. விளம்பரத்தில் உரிம எண் இல்லாத வீடு வேண்டவே வேண்டாம். உரிமம் இருந்தாலும், விலை ஏறியதைப் பார்த்து உரிமையாளர் கடைசியில் ரத்து செய்யும் ஆபத்து உண்டு. என் தோழி ஒருத்திக்கு ஜூன் மாதக் கடைசியில் அப்படி நடந்தது. பணம் திரும்ப வந்துவிட்டது, ஆனால் அந்த நேரத்தில் அந்தப் பணத்துக்கு நகரில் எந்த அறையும் இல்லை. படி 2-ல் போட்டு வைத்திருந்த நேஷனல் சிட்டி மோட்டல்தான் அவளைக் காப்பாற்றியது.

படி 8: கிளம்புவதற்கு முன் ஒரு போன்

பயணத்துக்குப் பத்து நாள் முன்பு ஹோட்டலுக்கே நேராக அழைத்து, உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா, எத்தனை இரவு, எத்தனை கட்டில் என்று கேளுங்கள். பதிவில் இருக்கும் பெயர் முதலில் போய்ச் சேரப்போகிறவருடையதாக இருக்க வேண்டும். நீங்கள் வெள்ளிதான் வருவீர்கள், நண்பர் புதனே வருவார் என்றால் அவர் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். அறை எடுக்கும்போது வாடகைக்கு மேல் ஒரு தொகையை கார்டில் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் அந்தப் பணம் நாட்கணக்கில் முடங்கும், ஆகவே கிரெடிட் கார்டைக் கொடுங்கள். பதிவு உறுதிச் சீட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.