கோழி வளர்த்த கையில் பட்டன் காடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்தவர்களுக்குக் கோழி வளர்ப்பை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லயத்துக்குப் பின்னால் பலகையும் தகரமும் வைத்து அடித்த கூண்டு இருக்கும். காலையில் திறந்துவிட்டால் கோழிகள் பால்மரங்களுக்கு அடியில் கிளறித் தின்றுவிட்டுப் பொழுது சாயத் தானாக வந்து அடையும். அம்மா நொய்யை இறைத்தால் போதும், தீவனம் முடிந்தது. அந்தப் பழக்கத்தோடுதான் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீட்டுக்குக் குடி வந்த பிறகு நானும் ஒரு ஜோடி பட்டன் காடை வாங்கினேன்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை, சேவல் கூண்டின் கூரையில் மோதி மண்டை கிழிந்து செத்தது. பெட்டை அதற்குப் பிறகு ஒரு மாதம் இருந்தது. ஒருநாள் காலையில் மூலையில் உப்பிக்கொண்டு கிடந்தது, மத்தியானத்துக்குள் போய்விட்டது. விற்றவர்மேல் பழி போட்டுப் பார்த்தேன், நோய்க் காடையைத் தலையில் கட்டிவிட்டார் என்று. நிதானமாக யோசித்தபோதுதான் தவறு என்னுடையது என்று புரிந்தது. கோழிக்குச் செய்வதையெல்லாம் சின்ன அளவில் செய்தால் போதும் என்று நினைத்திருந்தேன். இப்போது காடை வாங்க ஆசைப்பட்டு வருகிற அக்கம்பக்கத்தாரிடமும் அதே நினைப்பைத்தான் பார்க்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பட்டன் காடை என்று கடையில் விற்பது நீல மார்புக் காடை. மலாயில் பிக்காவ். இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை புல்வெளிகளில் வாழும் இனம், நம் நாட்டிலும் உண்டு. நீளம் 12 முதல் 15 செண்டிமீட்டர்தான், எடையும் பெரும்பாலும் 50 கிராமுக்குள். ஆணுக்கு மார்பு நீலம், தொண்டையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை, வயிறு செங்கல் நிறம். பெண் முழுக்கப் பழுப்பு. செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் குடுகுடுவென்று ஓடிப் புல்லுக்குள் மறைகிறதே, அந்த வரி போட்ட பறவை வேறு. மலாய்க்காரர்கள் அதைப் புயூ தானா என்பார்கள். அதற்குப் பின்விரல் கிடையாது, காலுக்கு மூன்றே விரல். பெண்தான் பெரியது, ஆண்தான் அடைகாக்கும். பார்க்கக் காடை மாதிரி இருந்தாலும் அது காடைக் குடும்பமே இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடையில் காசு கொடுத்து வாங்குவானேன், தோட்டத்தில் கண்ணி வைத்தால் கிடைக்குமே என்று சில பையன்கள் கிளம்பிவிடுகிறார்கள். வேண்டாம் தம்பி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கிறது. காட்டுப் பறவை எதுவானாலும் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்காமல் கை வைக்கக் கூடாது. அப்படிப் பிடித்த பறவை கூண்டில் பயத்திலேயே வாடிவிடும். கூண்டில் பொரித்து வளர்ந்த காடையாகப் பார்த்து வாங்குங்கள்.

சரி, என் சேவலைக் கொன்ற விஷயத்துக்கு வருகிறேன். காடை கிளையில் உட்காராத பறவை, அதன் வாழ்க்கை முழுக்கத் தரையில்தான். ஆபத்து என்று பட்டால் முதலில் அசையாமல் பதுங்கும், பிறகு ஓடும். ஓட வழியில்லாவிட்டால் செங்குத்தாக மேலே பாயும். புல்வெளியில் மேலே வானம் இருக்கிறது, கூண்டில் கம்பி இருக்கிறது. நம் வழக்கமான கோழிக்கூண்டு 3, 4 அடி உயரம் இருக்கும். காடைக்கு அதைவிட மோசமான உயரம் கிடையாது. முழு வேகம் எடுக்க அந்த உயரம் போதும், வேகத்தை அடக்கத்தான் இடம் போதாது. ஒன்று, வேகமே எடுக்க முடியாதபடி கூரை ஓரடிக்குள் தாழ்வாக இருக்க வேண்டும். இல்லையென்றால் 6 அடிக்கு மேல், அறை மாதிரி உயரமாக இருக்க வேண்டும். இரண்டிலும் கூரைக்கு இறுக்கமான கம்பி ஆகாது. நைலான் வலையைக் கொஞ்சம் தொளதொளவென்று கட்டினால் மோதும் தலையை அது தாங்கிக்கொள்ளும். இறக்கையை வெட்டிவிட்டால் பறக்காது என்பார்கள். இந்தப் பாய்ச்சலுக்குக் காலின் உந்தல் பெரிதாக உதவுகிறது, அதனால் இறக்கையை வெட்டினாலும் மண்டை தப்பாது.

என்னுடைய இப்போதைய கூண்டு 4 அடி நீளம், 2 அடி அகலம், ஓரடிக்குச் சற்றுக் குறைவான உயரம். ஒரு ஜோடிக்கு 2 அடிக்கு 2 அடியாவது வேண்டும், அதற்குக் குறைத்தால் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். மூன்று பக்கமும் பலகை வைத்து மறைத்திருக்கிறேன். எதிர்வீட்டுப் பூனை, கொடியில் ஆடும் துணி, வாசலில் வந்து நிற்கும் மோட்டார் சைக்கிள், எல்லாமே அதற்குப் பருந்துதான். மேலிருந்து இறங்கும் நம் கையும் அப்படித்தான். பிடிக்க வேண்டியிருந்தால் விளக்கை அணைத்துவிட்டு இரண்டு கையாலும் பக்கத்திலிருந்து பொத்திப் பிடியுங்கள். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் கூண்டை வீட்டுக்குள் கொண்டுவந்து, உள் அறையில் வைத்து, மேலே காற்றுப் போகும்படி மெல்லிய துணியைப் போட்டுவிடுங்கள். வெடிச்சத்தம் ஓய்ந்த பிறகு வெளியே எடுத்தால் போதும்.

தரைக்குக் கம்பி போடுவது இன்னொரு கோழிப்பண்ணைப் பழக்கம். எச்சம் கீழே விழுந்துவிடும், சுத்தம் செய்வது சுலபம் என்பது உண்மைதான். ஆனால் நாள் முழுக்கக் கம்பியில் நடந்தால் உள்ளங்கால் புண்ணாகி வீங்கும், இரவில் எலி அடியிலிருந்து விரலைக் கடிக்கும். பலகைத் தரையில் மரச்சீவல் பரப்பி, ஒரு மூலையில் காய்ந்த மணல் தட்டு வையுங்கள். அதில் புரண்டு குளிப்பதைப் பார்த்தால் உங்களுக்கே மனசு நிறைந்துவிடும்.

தீவனம். நொய்யும் மிஞ்சின சோறும் கோழிக்குச் சரி, அது மீதியை மண்ணில் தேடிக்கொள்ளும். அடைபட்ட காடைக்கு நாம் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. வளர்ந்த பறவைக்குச் சுமார் 20 சதவீதம் புரதம் வேண்டும், குஞ்சுக்கு 24 முதல் 28 வரை. முட்டைக்கோழித் தீவனத்தில் புரதம் அவ்வளவு இருக்காது. அதிலுள்ள அதிக சுண்ணாம்புச் சத்தோ குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காடைத் தீவனமே கேட்டு வாங்குங்கள். சின்ன மூட்டையாக வாங்குங்கள், நம் ஊர் ஈரத்தில் பெரிய மூட்டை பாதியில் பூசணம் பிடித்துவிடும். அவித்த முட்டையை மசித்துக் கொடுக்கலாம். புற்றுக் கறையானும் கொடுக்கலாம், தாத்தா காலத்து வைத்தியம்தான் அது, காடைக்கும் உயிர். ஆனால் ஒன்று: செம்பனை அடியிலிருந்து கறையானோ புல்லோ எடுக்காதீர்கள். தோட்டத்தில் புல்லுக்கு எப்போது மருந்து அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. பராகுவாட் 2020 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது, அதற்குப் பதிலாக மற்ற களைக்கொல்லிகளை அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் வீட்டு வேலியோரத்துப் புல் போதும்.

பெட்டை ஏன் செத்தது என்பதுதான் என்னை அதிக நாள் உறுத்தியது. கூண்டு அப்போது சமையலறைக்கு வெளியே, விளக்குக்கு நேர் கீழே இருந்தது. இரவு பதினொன்று வரை அந்த விளக்கு எரியும். நம் நாட்டில் வருஷம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். அதற்கு மேல் வெளிச்சம் நீளும்போது பெட்டையின் உடம்பு இதுதான் முட்டை வைக்கும் காலம் என்று எடுத்துக்கொண்டு நிறுத்தாமல் முட்டை போடும். தினமும் ஒரு முட்டை என்று நானும் சந்தோஷப்பட்டேன். 50 கிராமுக்குள் இருக்கும் பறவை, 5 கிராம் முட்டை. எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக் கொடுத்துக் கொடுத்துக் கடைசியில் முட்டையைத் தள்ள முடியாமல் அடைத்துக்கொள்கிறது. இறகை உப்பிக்கொண்டு, முக்கிக்கொண்டு, மூலையில் உட்கார்ந்தால் அதுதான் அடையாளம். உடனே வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். மாலைவரை பார்ப்போம் என்று விட்டால் மிஞ்சாது. அதற்கு முன்பே, பொழுது சாய்ந்தால் கூண்டுக்கு இருட்டு கிடைக்கும்படி செய்யுங்கள், கடல் சிப்பித் தூளைத் தனிக் கிண்ணத்தில் எப்போதும் வையுங்கள். முட்டையைக் கணக்குப் பார்க்கிறவர்கள் ஜப்பான் காடை வளர்க்கலாம், இது அதற்கான பறவை இல்லை.

ஒரு சேவலுக்கு ஐந்தாறு பெட்டை என்ற கோழிக் கணக்கும் இங்கே செல்லாது. பட்டன் காடை ஜோடி சேர்ந்து வாழும். ஓர் ஆண், ஒரு பெண். இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் ஒன்று சாகும்வரை சண்டை போடலாம். இரண்டு பெண்களிலும் ஒன்று மற்றதன் முதுகை மொட்டையாக்கிவிடும். குஞ்சாக இருக்கும்போது எல்லாம் ஒற்றுமையாகத்தான் இருக்கும். 6 முதல் 8 வாரத்தில் பருவத்துக்கு வந்ததும் கொத்து தொடங்கும், அதற்குள் தனித்தனிக் கூண்டு தயாராக இருக்கட்டும். கோழியோடு ஒரே கூண்டில் விடவே கூடாது. ஒரு கொத்து போதும், உயிர் போய்விடும். கோழிக்கு வருகிற வெள்ளைக் கழிச்சலும் காடைக்குத் தொற்றும்.

குஞ்சு பொரிக்க வைப்பவர்கள் முதலில் நினைப்பது அடைக்கோழியைத்தான். அதன் ஒரு காலடிக்கு இந்த முட்டை தாங்காது. பெட்டைக்கு மறைவு வேண்டும், புல் கற்றையும் சின்னக் கூடையும் வைத்துத் தொந்தரவு செய்யாமல் விட்டால் சில பெட்டைகள் தாமே அடைகாக்கும். கூண்டில் வளர்ந்த பல பெட்டைகளுக்கு அந்தக் குணம் போய்விட்டது, அவற்றின் முட்டைக்குப் பொரிப்பான்தான். 37.5 டிகிரியில் 16 நாள்.

பொரிந்த குஞ்சு கட்டைவிரல் நுனி அளவுதான். முதல் முறை பொரித்த ஏழில் மூன்றை நான் தண்ணீர்க் கிண்ணத்தில் இழந்தேன். அரை அங்குலத் தண்ணீர், அதிலேயே மூழ்கிவிட்டன. அதற்குப் பிறகு ஜாடி மூடியில் தண்ணீர் ஊற்றி, கோலிக்குண்டுகளை நிரப்பி வைக்கிறேன், இடுக்கில் அலகு மட்டும்தான் போகும். முதல் வாரம் பெட்டியின் ஒரு மூலை 35 முதல் 37 டிகிரி இருக்க வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். நம் ஊர் வெயிலுக்கு விளக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். சாயங்கால மழைக்குப் பிறகு அடிக்கிற காற்றில் குஞ்சு விறைத்துவிடும். மறு மூலை குளிர்ச்சியாக இருக்கட்டும், சூடு தாங்காவிட்டால் அவை நகர்ந்துகொள்ளும். செய்தித்தாளைப் பரப்பினால் வழுக்கிக் கால் விரிந்துவிடும், சொரசொரப்பான துணி போடுங்கள். தீவனத்தை அம்மியில் நுணுக்கிப் போடுங்கள். அப்புறம் எறும்பு. குஞ்சுப் பெட்டி வைத்த மேசையின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், பாட்டி பலகாரத்தை எறும்பிடமிருந்து காப்பாற்றிய அதே வழிதான். கம்பி வலை அரை அங்குலத்துக்குப் பெரியதாக இருந்தால் குஞ்சு வெளியே போகும், எலி உள்ளே வரும்.

வளர்ந்த பறவைக்கு நேர்மாறாக, சூடுதான் எதிரி. தகரக் கூரைக்கு அடியில் மத்தியானம் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே நிழலுக்கு மாற்றுங்கள். கொசுவத்தியும் மருந்துத் தெளிப்பும் கூண்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். புகைமூட்டம் வரும் மாதங்களில் கூண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் 3 முதல் 5 வருஷம் இருக்கும். ஜோடியில் ஒன்று போய்விட்டால் மற்றது நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டு அதன் கூண்டிலேயே புதுப் பறவையை விட்டுவிடாதீர்கள், தன் இடத்துக்குள் வந்ததை அது விரட்டிக் கொத்தும். நடுவில் வலை வைத்து ஒரு வாரம் பழகவிடுங்கள். என் இரண்டாவது சேவல் ஐந்தாம் நாள் ஒரு புழுவை அலகில் பிடித்துக்கொண்டு, தின்னாமல், வலை ஓரத்தில் நின்று மெதுவாகக் கூப்பிட்டது. பெட்டை வந்து வலை இடுக்கு வழியாக அதை வாங்கிக்கொண்டது. அன்று சாயங்காலம் வலையை எடுத்தேன்.