மலையிறங்கும் காருக்குப் பிரேக்: ஆயிலில் தொடங்கி டிஸ்க் வரை

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றின் எண்கள் அடிவாரத்திலிருந்து மேல்நோக்கிப் போவதால், இறங்குகிறவர் நாற்பதில் தொடங்கி ஒன்றில் முடிப்பார். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால மாலையில், டர்போ எஞ்சின் கொண்ட என் சிறிய காரை மூன்றாம் கியரிலேயே விட்டு, முன்னால் போன லாரிக்குப் பின்னால் பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கி வந்தேன். லோம்ஸ் காட்சிமுனை இருக்கும் ஒன்பதாவது வளைவை நெருங்கும்போது பெடல் பஞ்சுபோல அமுங்கி, ஏறக்குறைய தரையைத் தொட்டுவிட்டது. கியரை இரண்டுக்கும் ஒன்றுக்கும் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைப்பக்கச் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தினேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பெடலை அமுக்கிப் பார்த்தபோது, எதுவுமே நடக்காததுபோல அது மறுபடி இறுக்கமாக இருந்தது.

மறுநாள் பொள்ளாச்சியில் நான் வழக்கமாக வண்டி விடும் பட்டறைக்குப் போய், பெரிய காலிப்பரும் துளையிட்ட டிஸ்க்கும் போட வேண்டும் என்று சொன்னேன். பட்டறை அண்ணன் அதற்குப் பதில் சொல்லவில்லை. "தம்பி, பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்துனீங்க?" என்று மட்டும் கேட்டார். வண்டி வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன, ஒருமுறைகூட மாற்றியிருக்கவில்லை. அந்தக் கேள்வியிலிருந்து நான் கற்றதைத்தான், பொள்ளாச்சி, கம்பம், போடி, செங்கோட்டை, கூடலூர் என எல்லையோர ஊர்களிலிருந்து மலை ஏறி இறங்கும் புதியவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் வெப்பத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

பிரேக் என்பது ஓட்டத்தை வெப்பமாக மாற்றும் கருவி. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டை, காலிப்பர் என்ற பிடி இருபுறமும் உள்ள பேடுகளால் அழுத்திப் பிடிக்கிறது. 1,200 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிற்கும்போது ஏறத்தாழ 4.6 லட்சம் ஜூல் வெப்பம் பிறக்கிறது. அதே கார் 800 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 94 லட்சம் ஜூல். 28 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க இது போதும். இதில் ஒரு பங்கை எஞ்சினும் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். எஞ்சினை நாம் கீழ் கியரில் பிடித்து வைக்காவிட்டால், மிச்சம் பெரும்பாலும் முன்சக்கர டிஸ்க்குகளின் தலையில்தான் விழும்.

இந்த வெப்பம் இரண்டு வகையில் பிரேக்கைக் கெடுக்கிறது. இரண்டையும் காலாலேயே பிரித்தறியலாம். பெடல் கல்லாக இறுகியிருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால், பேடு தன் வெப்ப எல்லையைத் தாண்டி உராய்வை இழந்திருக்கிறது. பெடல் பஞ்சாக அமுங்கினால், ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் வந்திருக்கின்றன. திரவத்தை நெருக்க முடியாது, ஆவியை நெருக்க முடியும். ஆகவே நம் காலின் அழுத்தம் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. சூடு ஆறியதும் குமிழி மீண்டும் திரவமாகிவிடுவதால் பெடல் தானாகத் திரும்பி வருகிறது. எனக்கு நேர்ந்தது இதுதான். பெடல் திரும்பிவிட்டது என்பதற்காக ஆயில் சரியாகிவிட்டது என்று நினைத்து இறங்குவதைவிட ஆபத்தான முடிவு வேறில்லை.

ஆயில்: குறைந்த செலவில் பெரிய மேம்பாடு

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் என்பது ஆயிலின் தர வகை. டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ், ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் சேர்ந்ததும் அது 140 ஆகிவிடுகிறது. டாட் 4 வகைக்கு இவை 230, 155, டாட் 5.1 வகைக்கு 260, 180. தமிழகத்திலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களுள் ஒன்றான சின்னக்கல்லார் வால்பாறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரத்தோடு நம் பக்கம் நுழைகிறது. ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது என்ற பொது விதியை நம் பகுதியில் தளர்த்தவே கூடாது. அடிக்கடி மலை இறங்குபவர்களும், செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

டாட் 4 போட்ட வண்டிக்கு, வண்டிக் கையேடு தடை சொல்லாதவரை, டாட் 5.1 போடலாம். பெயர் ஒன்றுபோலத் தோன்றும் டாட் 5 வேறு. அது சிலிக்கோன் ஆயில். மற்றவற்றோடு கலக்காது, ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டிக்கும் ஆகாது. கடையில் வாங்கும்போது 5-க்குப் பின் வரும் அந்த “.1”-ஐப் பார்த்தே வாங்குங்கள். திறந்து வைத்த பழைய டப்பாவில் மிச்சமிருப்பதையும் ஊற்றாதீர்கள், அது ஈரத்தைக் குடித்திருக்கும்.

மாற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். எனக்கு என் மாமா உதவினார். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கட்டை கொடுத்து, தூக்கி, ஸ்டாண்டில் இருத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை வைக்காதீர்கள். எஞ்சின் பக்கமுள்ள ஆயில் டப்பாவிலிருந்து பழைய ஆயிலை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை மேல்கோடு வரை நிரப்புங்கள். பிறகு, கையேடு வேறு வரிசை சொல்லாவிட்டால், ஆயில் டப்பாவுக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி அருகில் உள்ளதற்கு வாருங்கள். காலிப்பரின் நிப்பிளில் (ஆயிலை வெளியேற்றும் சிறு திருகு) உள்நிறம் தெரியும் சிறு குழாயை மாட்டி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் உள்ள கண்ணாடிப் பாட்டிலில் அமிழ்த்துங்கள். "அமுக்குங்க மாமா" என்றதும் அவர் பெடலை மெதுவாக அமுக்கிப் பிடிப்பார்; நான் நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பேன்; ஆயில் வந்ததும் மூடிவிட்டு, "விடுங்க" என்பேன். மூடுவதற்கு முன் பெடலை விட்டுவிட்டால் காற்று உள்ளே போய்விடும் என்பதால், இந்த இரண்டு சொற்களின் வரிசை மாறக் கூடாது. பழைய வண்டிகளில் பெடலைத் தரை வரை அமுக்காமல் இருக்க அடியில் ஒரு மரக்கட்டை வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகப் போகாத தூரம் போனால், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கிழியக்கூடும்.

என் வண்டியில் முதலில் வந்தது சுக்குக் காபி நிறத்தில் இருந்தது. பதினைந்து அமுக்கலுக்குப் பிறகு குழாய்க்குள் நிறம் மெல்ல வெளுத்து, வடிகட்டிய தேன்போலத் தெளிந்து வந்தது. அந்த நிறம் வந்து, குமிழி நின்ற பிறகே அடுத்த சக்கரத்துக்குப் போக வேண்டும். ஐந்தாறு அமுக்கலுக்கு ஒருமுறை மேல் டப்பாவை நிரப்பிக்கொண்டே இருங்கள். அது வற்றி ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று போய்விட்டால், பல வண்டிகளில் ஸ்கேனர் கருவி இல்லாமல் எடுக்க முடியாது. பெயிண்ட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையிலோ தென்னந்தோப்பு வாய்க்காலிலோ கொட்டாமல், பட்டறையில் கழிவு ஆயில் சேர்க்கும் பீப்பாயில் சேர்த்துவிடுங்கள்.

பேடு மாற்றும்போது ஊசிகளை மறவாதீர்கள்

பேட்டின் உராய்வுப் பகுதி 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடலாம். புதியது வாங்கும்போது அதன் முதுகிலோ விளிம்பிலோ இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள உராய்வையும், இரண்டாவது கடுஞ்சூட்டில் உள்ளதையும் குறிக்கும். ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. எழுத்து பேட்டின் ஆயுளைச் சொல்லாது. ஆனால் எஃப் ஈ என்று இருந்தால், சூடேறும்போது பிடி தளரும் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பந்தயப் பேடுகளைச் சாலை வண்டிக்குப் போட வேண்டாம். சூடேறிய பிறகே அவை நன்றாகப் பிடிக்கும். வால்பாறையின் காலைக் குளிரில் முதல் வளைவிலேயே பிடி தேவைப்படுகிறது.

சக்கர போல்ட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்தி, பிறகு தூக்கிச் சக்கரத்தைக் கழற்றுங்கள். சாதாரண மிதவைக் காலிப்பரில் கீழ் ஊசியின் போல்ட்டைக் கழற்றினால் காலிப்பரை மேலே மடக்கலாம். முழுவதும் கழற்ற நேர்ந்தால் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். ரப்பர் ஹோஸில் அதன் எடை தொங்கக் கூடாது. பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாமல், முகக்கவசம் போட்டுக்கொண்டு, பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

இப்போது நிதானமாக வேலை செய்ய வேண்டிய இடம். காலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்கு இரண்டு வழிகாட்டி ஊசிகள் இருக்கின்றன. என் வண்டியின் இடது முன்சக்கரத்தில் உள்பேடு 2 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருக்க, வெளிப்பேடு 6 மில்லிமீட்டர் தடிமனோடு இருந்தது. காரணம் கீழ் ஊசி. அதன் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே மழைநீர் புகுந்து, பழைய கிரீஸ் வெல்லப்பாகுபோல இறுகியிருந்தது. ஊசியை எடுத்துத் துடைத்து, துருவை நீக்கி, துளையையும் சுத்தம் செய்து, வெப்பம் தாங்கும் சிலிக்கோன் பிரேக் கிரீஸை மெல்லியதாகப் பூசிப் போட்டேன். இரண்டு விரலால் தள்ளினாலே நகர வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். பேடு உட்காரும் தகட்டுக் காதுகளிலும் துரு நீங்க வேண்டும். பல வண்டிகளில் "பிரேக் ஒரு பக்கமா இழுக்குது" என்ற புகாருக்கு மூலம் இங்கேதான் இருக்கிறது.

பிறகு பழைய பேடு ஒன்றை அணைவாக வைத்து, சி கிளாம்ப்பால் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். மேலே ஆயில் டப்பா வழிகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்சக்கரத்திலும் டிஸ்க் இருந்து, ஹேண்ட் பிரேக் அதே காலிப்பரில் இருந்தால், அந்த பிஸ்டனைப் பெரும்பாலும் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். மின் ஹேண்ட் பிரேக்காக இருந்தால் சர்வீஸ் நிலைக்கு மாற்றாமல் தொடாதீர்கள். எல்லா போல்ட்டுகளையும் கையேடு சொல்லும் நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ஸ்பேனரால் முறுக்குங்கள். சக்கரம் மாட்டியதும், வண்டியை ஓரடி நகர்த்துவதற்கு முன், பெடல் இறுகும் வரை பலமுறை அமுக்குங்கள். இதை மறந்தால் முதல் பிரேக் வெறுமையாகப் போகும்.

பின்புறம் டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் லைனரின் (டிரம்மின் உட்புறத்தில் உராயும் பகுதி) தடிமனையும், சிலிண்டரில் கசிவு உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க், ஹோஸ், காலிப்பர்

ஒவ்வொரு டிஸ்க்கிலும் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும்; அதற்குக் கீழே தேய்ந்ததைக் கடைந்து பயன்படுத்தக் கூடாது. பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் அதிர்ந்தால் "டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்பார்கள். பல நேரம் உண்மையான காரணம், பேட்டின் பொருள் டிஸ்க்கில் ஒரே சீராகப் படியாமல் திட்டுத்திட்டாக ஒட்டியிருப்பதோ, சக்கரமும் டிஸ்க்கும் மாட்டப்படும் ஹப்பின் முகத்தில் உள்ள துருவோதான். துளையிட்ட டிஸ்க் பார்ப்பதற்கு அழகாக இருக்கும், ஆனால் கடும் வெப்பத்தில் துளை ஓரத்திலிருந்து விரிசல் விடக்கூடும். என் தேர்வு, துளையில்லாத தரமான காற்றோட்ட டிஸ்க்.

எஃகு இழை பின்னிய ஹோஸ் பெடலை இறுக்கமாக்கும், ஆனால் நிற்கும் தூரத்தை அது தனியாகக் குறைத்துவிடாது. பெரிய காலிப்பரும் அப்படித்தான். சமதரையில் முழுவேகத்தில் அமுக்கும்போதே ஏபிஎஸ் இயங்கத் தொடங்குகிறது என்றால், டயரின் பிடியைவிட பிரேக்கின் வலு ஏற்கனவே கூடுதலாக இருக்கிறது. அந்தப் பணத்தை நல்ல டயருக்குக் கொடுங்கள். பெரிய டிஸ்க் உதவுவது திரும்பத் திரும்பப் பிடிக்கும்போது வெப்பத்தைத் தாங்கத்தான். முன்சக்கரத்துக்கு மட்டும் பெரிய காலிப்பர் போட்டால் முன்பின் சமநிலை மாறும். மாஸ்டர் சிலிண்டர் பழையதாகவே இருந்து பிஸ்டன் பரப்பு கூடினால் பெடல் நீளமாகப் போகும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களைத் தடுக்கிறது. மளுக்கப்பாறையோ வாளையாறோ தாண்டிக் கேரளத்துக்குள் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேடைப் பழக்குதல்

புதிய பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். போக்குவரத்து இல்லாத, நேரான சாலையில் அதிகாலையில் செய்யுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை, மிதமாகத் தொடங்கி உறுதியாக, எட்டுப் பத்து முறை குறையுங்கள். இடையில் வண்டியை முற்றிலும் நிறுத்தாதீர்கள், ஏனெனில் சூடான பேடு நின்ற இடத்திலேயே டிஸ்க்கில் அச்சு பதித்துவிடும். முடிந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். பேடு நிறுவனம் வேறு முறை தந்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

வேலை முடிந்த வாரத்தில் நான் மறுபடி வால்பாறைக்குப் போய், இம்முறை இரண்டாம் கியரில், வளைவுக்கு முன் உறுதியாகப் பிடித்து, பிறகு முழுதாக விட்டு இறங்கினேன். ஒன்பதாவது வளைவில் பெடல் காலையில் இருந்த உயரத்திலேயே இருந்தது. ஆழியாறு அணைப் பக்கம் வண்டியை ஆறவிட்டு, நான்கு சக்கரங்களின் உட்புறத்திலும் ஈரக் கசிவு உண்டா என்று விளக்கடித்துப் பார்த்து, சக்கர போல்ட்டுகளை மறுபடி டார்க் வைத்துச் சரிபார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டு காகித டேப்பில் ஆயில் மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் எழுதி, ஆயில் டப்பாவின் மூடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தேன்.