செயின்ட் ஆண்ட்ரூஸில் ஊர் நடுவே தங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊருக்கு ரயில் கிடையாது. அந்தப் பாதையை 1969-லேயே மூடிவிட்டார்கள். எடின்பரோவில் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் பக்கத்து ஸ்டேஷனான லூக்கர்ஸ் வரும். அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் பஸ்ஸிலோ டாக்சியிலோ போக வேண்டும். ‘ஊர் நடுவில் ஹோட்டல்’ என்றதும், ஸ்டேஷனிலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டே போய்விடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். இரவு ரயிலில் வருவதாக இருந்தால் டாக்சிக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

அதைவிடப் பெரிய தவறு, லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்காமல் பணம் கட்டுவது. நார்த் ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட், சவுத் ஸ்ட்ரீட் மூன்றும் இடைக்காலத்துத் தெருக்கள். அங்கே பல விடுதிகள் பழைய கல் கட்டடங்களில்தான் நடக்கின்றன. அம்மாவை அழைத்துக்கொண்டு போனபோது எங்களுக்குக் கிடைத்தது மூன்றாவது மாடி. படி குறுகலாக வளைந்து வளைந்து ஏறியது. முழங்கால் வலியோடு அம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் கையூன்றி நின்று மூச்சு வாங்கினார். மறுநாள் காலை உணவுக்குக் கீழே இறங்கவே மறுத்துவிட்டார். முன்கூட்டியே ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால் தரைத்தளத்தில் அறை கிடைத்திருக்கலாம். அந்த உறுத்தல் எனக்கு இன்னும் போகவில்லை.

தெருவைப் பார்த்த அறைதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். 1413-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. மாணவர்களின் நடமாட்டம் இரவு வெகுநேரம் ஓயாது. ஜூனில் பத்து மணி வரை வெளிச்சம் வேறு. தூக்கம் முக்கியமென்றால் பின்பக்க அறை கேளுங்கள். அதே மாதக் கடைசியை ஒட்டிப் பட்டமளிப்பு விழா நடக்கும்; தேதி பார்க்காமல் போனால் அறையே கிடைக்காது.

காலைத் தட்டில் கறுப்பாக வட்டமாக இருப்பது பன்றி ரத்தத்தில் செய்தது. சைவர்கள் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, நடு ஊரில் தங்கிக்கொண்டே பகலில் மட்டும் ஊரைச் சுற்றுகிறவர்களைப் பார்ப்பதுதான். பகலில் எல்லா ஊர்க் கூட்டமும் இங்கேதான் இருக்கும். காலை ஆறு மணிக்கு இறங்கி நடந்து பாருங்கள். கடற்பறவைகளின் கூச்சலைத் தவிர வேறு சத்தம் இராது. 1318-இல் அர்ப்பணிக்கப்பட்ட பேராலயத்தில் இன்று எஞ்சி நிற்கும் உயர்ந்த சுவர் தெருக்கோடியில் வெயில் வாங்கி நிற்கும். நார்த் ஸ்ட்ரீட் நடைபாதைக் கற்களில் ‘பி.ஹெச்.’ என்று ஆங்கில எழுத்துகள் பதித்திருக்கிறார்கள். 1528-இல் பேட்ரிக் ஹாமில்டன் என்ற புராட்டஸ்டன்ட் போதகரை மதத்தின் பெயரால் உயிரோடு எரித்த இடம் அது. மாணவர்கள் அதை மிதிக்காமல் விலகி நடப்பார்கள். நீங்களும் விலகி நடங்கள்.

இன்னொன்று, ஞாயிறு காலையிலேயே அறையைக் காலி செய்துவிடாதீர்கள். ஓல்ட் கோர்ஸ் மைதானத்தில் வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் ஆட்டம் இல்லை. புல்வெளி ஊருக்குப் பூங்காவாகிவிடும். நாங்கள் போன ஞாயிறன்று, மைதானத்திலுள்ள ஸ்வில்கன் கல் பாலத்தின் மேல் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சமதரை என்பதால் அம்மாவும் கைத்தடியோடு அதுவரை நடந்து வந்தார்.